பி.ஆர்.வி.யில் வீணாகும் அழுத்தம்: ஆலைக்குள் இணைமின் உற்பத்தி பற்றி ஒரு கேள்வி

#1 ஷிஃப்ட்_பொறியாளர்

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக ஓர் ஆலையின் பாய்லர் பகுதியில் ஷிஃப்ட் பார்க்கிறேன். ரொம்ப நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் ஒன்றை இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

எங்கள் பாய்லரில் 10.5 பார் அழுத்தத்தில் நீராவி எடுக்கிறோம். ஆலைக்குள் எந்த இயந்திரமும் அவ்வளவு கேட்பதில்லை, 3.5 பார் போதும். அதனால் பாய்லர் ஹவுஸைத் தாண்டியதும் பிரஷர் ரெட்யூசிங் வால்வ் (பி.ஆர்.வி.) ஒன்றில் அழுத்தத்தைக் குறைத்து அனுப்புகிறோம். நடுநிசியில் மற்ற சத்தமெல்லாம் அடங்கிய பிறகு அந்த வால்வ் பக்கத்தில் போய் நின்றால் காதை அடைக்கும் சீறல். குழாயைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் காலை வைத்தால் அதிர்வு முழங்கால் வரை ஏறும். இந்தப் பக்க கேஜ் 10.5 காட்டும், அந்தப் பக்கம் 3.5. இடையில் இருந்த ஏழு பார் எங்கே போயிற்று?

நீராவி அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே இடத்தில் சின்ன பேக் பிரஷர் டர்பைன் (நீராவியைக் கண்டென்சருக்கு விடாமல், குறைந்த அழுத்தத்தில் ஆலைக்கே அனுப்பும் டர்பைன்) ஒன்று இருந்தால், 50 சதவீதத் திறன் என்று வைத்தால்கூட, ஒரு கிலோ நீராவியிலிருந்து 87 கிலோஜூல் வேலை கிடைக்கும். மணிக்கு ஒரு டன் ஓடினால் 24 கிலோவாட். எங்கள் இயந்திரங்களின் பெயர்ப்பலகையில் உள்ள நீராவித் தேவையைக் கூட்டினால் மணிக்கு 8 டன் வருகிறது. ஜெனரேட்டர் இழப்பைக் கழித்தாலும் கிட்டத்தட்ட 180 கிலோவாட். ராத்திரி பகலாக இவ்வளவு மின்சாரம் சீறிப் போகிறது என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

என் கேள்வி இரண்டு. என் கணக்கு சரிதானா? சரி என்றால், இது ஏன் எல்லா ஆலையிலும் இல்லை? எரிசக்திச் சிக்கனத்துக்கு இத்தனை சட்டங்கள் இருந்தும் இது ஏன் கட்டாயமாகவில்லை?

#2 ஆற்றல்_தணிக்கையாளர்

நல்ல கேள்வி தம்பி. வெப்பவியல் கணக்கு சரி. ஆனால் இரண்டு இடத்தில் நிறுத்திப் படிக்க வேண்டும்.

முதலாவது, நீங்கள் எழுதாமலே எழுதியிருக்கும் ஒரு சொல்: இலவசம். வால்வில் நீராவி அழுத்தத்தை இழக்கிறது, வெப்பத்தை இழப்பதில்லை. கிலோவுக்கு 2,783 கிலோஜூலுடன் உள்ளே போனது அதே 2,783 உடன்தான் வெளியே வருகிறது. டர்பைனில் அப்படி இல்லை. நீங்கள் எடுத்த 87 கிலோஜூல் நீராவியின் கையிலிருந்து போய்விடும். வால்வுக்குப் பிறகு லேசாகக் காய்ந்து வந்த நீராவி, டர்பைனுக்குப் பிறகு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஈரத்துடன் வரும். ஆலைக்கு வேண்டிய அதே வெப்பத்தைக் கொடுக்க பாய்லர் சுமார் 4 சதவீதம் கூடுதலாக நீராவி போட வேண்டும். அதற்கு எரிபொருள் வேண்டும். டர்பைன் வெளிவாயிலில் ஈரம் பிரிப்பானும் வைக்க வேண்டும்.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். அந்தக் கூடுதல் எரிபொருளைக் கணக்கிட்டுப் பாருங்கள். பாய்லர் திறன் 80, ஜெனரேட்டர் 93 என்று வைத்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 4,800 கிலோஜூலுக்குக் கொஞ்சம் மேலே வரும். 35 சதவீதத் திறனில் ஓடும் அனல் மின் நிலையத்தில் அதே யூனிட்டுக்கு 10,300 கிலோஜூல் எரிக்கிறார்கள். பாதிக்கும் குறைவு. ஒரே நீராவியில் மின்சாரமும் வெப்பமும் எடுக்கும் இணைமின் உற்பத்தியின் பெருமை அவ்வளவும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது, அந்த 8 டன். பெயர்ப்பலகையைக் கூட்டி வந்த எண் என்று நீங்களே சொல்கிறீர்கள். ஃப்ளோ மீட்டர் என்ன சொல்கிறது?

#3 கொள்கை_மாணவி

இழையைத் தொடங்கியவருக்கு நன்றி. நான் பொறியியல் படித்தவள் இல்லை, எரிசக்திக் கொள்கை படிக்கிறேன். எனக்குப் புரிந்ததை என் மொழியில் சொல்கிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள்.

சாதாரண அனல் மின் நிலையத்தில் நீராவி டர்பைனைச் சுற்றிவிட்டுக் கண்டென்சருக்குப் போகிறது. அங்கே அது தண்ணீராக மாறும்போது விடுகிற வெப்பத்தைக் குளிரூட்டும் நீர் வாங்கிக்கொண்டு போய்க் காற்றிலோ கடலிலோ கொட்டுகிறது. எரித்ததில் பாதிக்கு மேல் அப்படிப் போய்விடுகிறது. இன்னொரு பக்கம், அதே வெப்பம்தான் வேண்டும் என்று ஓர் ஆலை தனியாக பாய்லர் வைத்து எரிக்கிறது. இந்த இரண்டையும் ஒரே இடத்தில் கட்டிப்போட்டால், கொட்டப்போகும் வெப்பமே ஆலைக்குச் சரக்காகிவிடுகிறது. மொத்தப் பயன் 75, 80 சதவீதம் வரை போகும். இது புதிய யோசனையும் இல்லை. 1882இல் நியூயார்க்கில் எடிசன் தொடங்கிய பேர்ல் தெரு மின் நிலையமே பக்கத்துக் கட்டடங்களுக்கு நீராவி விற்றது.

எல்லோருக்கும் தெரிந்த லாபம் நூறு வருடமாக ஏன் காத்துக் கிடக்கிறது என்பதுதான் எனக்கும் கேள்வி.

#4 பழைய_பாய்லர்காரர்

முப்பது வருடம் பாய்லரோடு இருந்தவன். சான்றிதழ் வாங்கி, ஃபயர்மேனாகத் தொடங்கி, பாய்லர் ஹவுஸ் பொறுப்பாளராக ஓய்வு பெற்றேன். தம்பி ஷிஃப்ட்_பொறியாளர் எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் நிற்கிற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். அதே சத்தம்.

நான் வேலை பார்த்த ஆலை ஒன்றில் டர்பைன் போட்டார்கள். பழைய பாய்லரைக் கழற்றிவிட்டு 65 பார், 480 டிகிரி பாய்லர் வந்தது. பேக் பிரஷர் டர்பைன், வெளியே வருவது 3 பார். கணக்கு அழகாக இருந்தது. ஒரு டன் நீராவிக்கு 135 கிலோவாட் வாக்கில் கிடைக்கும் என்றார்கள், அது பொய்யில்லை, கிடைத்தது. 20 டன்னுக்கு அளவெடுத்து 2.7 மெகாவாட் இயந்திரம் வாங்கினார்கள்.

அந்த 20 டன் எங்கிருந்து வந்தது தெரியுமா? தம்பி செய்த அதே வேலை. பெயர்ப்பலகைகளைக் கூட்டினார்கள். ஓட்டிப் பார்த்தால் ஆலை குடித்தது 11, 12 டன். பேக் பிரஷர் டர்பைன் தானாக மின்சாரம் போடாது. ஆலை எவ்வளவு நீராவியைக் கேட்கிறதோ அவ்வளவுதான் அதன் வழியாகப் போகும், அந்த அளவுக்குத்தான் மின்சாரம். பாதிச் சுமையில் ஓடும் டர்பைனின் திறனும் கீழே விழுந்துவிடும். கன்ட்ரோல் ரூமில் மெகாவாட் மீட்டர் 1.3இல் நின்றுகொண்டிருக்கிறது, மேலே இருப்பவர்கள் 2.7 எங்கே என்று கேட்கிறார்கள்.

என்ன செய்தோம்? டர்பைனிலிருந்து வரும் நீராவியை ஆலைக்குப் பிரித்தனுப்பும் பெரிய குழாயான லோ பிரஷர் ஹெடரில் இருந்த வென்ட் வால்வைத் திறந்தோம். மேலே கூரையில் சைலன்சர் வழியாக வெள்ளையாகப் புகைந்து போகும். திறந்தால் டர்பைன் வழியாக நீராவி ஓட்டம் கூடும், மெகாவாட் ஏறும், போன் வருவது நிற்கும். நல்ல தண்ணீரை மென்மையாக்கி, காற்று நீக்கி, எரிபொருள் போட்டுக் கொதிக்கவைத்து, வானத்துக்கு விட்டோம். அந்த வென்டைத் திறந்த கைகளில் என் கையும் ஒன்று. இன்றைக்கு நினைத்தாலும் உறுத்துகிறது.

கண்டென்சர் வைத்த அனல் மின் நிலையமாவது தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. நாங்கள் அதையும் விட்டோம். ஏட்டில் நாங்கள் "இணைமின் நிலையம்". வருட அறிக்கையில் யூனிட் எண்ணிக்கை நன்றாக இருந்தது. வென்டில் போனதற்கு மீட்டரே கிடையாது.

அதனால் தம்பி, டர்பைன் வாங்குவதற்கு முன்னால் ஆலையின் நீராவித் தேவை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நாள் பார்த்தால் போதாது. எல்லாப் பருவமும், ஞாயிற்றுக்கிழமையும், ஷட்டவுன் முடிந்து ஸ்டார்ட்-அப் ஆகும் நாளும் சேர்த்துப் பாருங்கள்.

#5 ஷிஃப்ட்_பொறியாளர்

ஐயா, இதைப் படித்த பிறகு ஒரு நாள் முழுக்க வேறு எதிலும் மனம் போகவில்லை. என்னிடம் ஃப்ளோ மீட்டர் இருக்கிறது, ஆனால் பாய்லர் வெளிவாயிலில் மட்டும். லாக் புக்கில் மணிக்கொரு தரம் எழுதுகிறோம். ஒரு மாத அளவீடுகளை எடுத்து உட்கார்ந்து வரைபடம் போடப் போகிறேன். முடித்துவிட்டு வருகிறேன்.

#6 ப்ராசஸ்_பக்கம்

ஒரு மாதம் என்று கணக்குப் போடும்போதே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீட்டர் காட்டும் எண்ணில் எவ்வளவு தேவை, எவ்வளவு ஒழுகல் என்று பிரிக்க வேண்டும்.

நான் ப்ராசஸ் ஆள். நீராவியை வாங்கிச் செலவழிக்கிற பக்கம். எங்கள் பக்கத்துக் குற்றங்களைச் சொல்லிவிடுகிறேன். 7 பார் லைனில் ஒரு ஸ்டீம் டிராப் (நீராவி குளிர்ந்து ஆன நீரை, அதாவது கன்டென்சேட்டை, மட்டும் வெளியே விட்டு நீராவியைப் பிடித்து வைக்கும் வால்வ்) திறந்தபடி சிக்கிக்கொண்டு, துளை 3 மில்லிமீட்டர் என்றால் மணிக்குச் சுமார் 25 கிலோ நீராவி கன்டென்சேட் குழாயில் ஓடும். வெளியே தெரியாது. வருடம் 8,000 மணி நேரம் ஓடும் ஆலையில் அது 200 டன். இப்படி நாற்பது டிராப் கெட்டிருந்தால் மணிக்கு ஒரு டன், அதற்கும் சேர்த்து டர்பைன் வாங்குவீர்கள். அதே 7 பாரிலிருந்து வரும் கன்டென்சேட்டைத் திறந்த தொட்டியில் விட்டால் எடையில் 13 சதவீதம் மறுபடி ஆவியாகிப் பறந்துவிடும். அதைப் பிடித்து லோ பிரஷர் லைனில் சேர்க்கலாம். பாய்லருக்குள் போகும் ஃபீட் வாட்டர் 6 டிகிரி சூடாக வந்தால் எரிபொருளில் ஒரு சதவீதம் மிச்சம் என்பது பாய்லர்காரர்கள் எல்லோரும் அறிந்த கணக்கு.

டிராப் கெட்டிருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை டிராப் உடலில் வைத்து, பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்துங்கள். நல்ல டிராப் விட்டு விட்டுத் துப்பும், மூடும், கொஞ்சம் அமைதி, மறுபடி துப்பும். கெட்டது இடைவெளி இல்லாமல் ஊளையிடும். தொடர்ந்து விடும் வகை டிராப்புகளுக்கு இது பொருந்தாது, அவற்றுக்கு அல்ட்ராசானிக் கருவி வேண்டும்.

வரிசை முக்கியம். முதலில் தேவையைக் குறை, பிறகு மிச்சம் இருக்கும் தேவைக்கு டர்பைன் போடு. மாற்றிச் செய்தால் ஐயா சொன்ன கதைதான். டர்பைன் வந்த பிறகு நீராவியை மிச்சப்படுத்தினால் மின்சாரம் குறையும், யாரும் மிச்சப்படுத்த விடமாட்டார்கள். சிக்கனமே எதிரியாகிவிடும்.

1983இல் டவுன்செண்டும் லின்ஹாஃபும் டர்பைன்களுக்குப் பொருத்திக் காட்டிய பிஞ்ச் கோட்பாடு இன்னொரு படி மேலே போகும். ஆலையின் வெப்பத் தேவைகளை எல்லாம் வெப்பநிலைவாரியாக அடுக்கினால் நடுவில் ஓர் இடுக்கு வரும். அதற்கு மேலே வெப்பம் பற்றாக்குறை, கீழே மிச்சம். டர்பைன் வெளியேற்றும் நீராவி அந்த இடுக்குக்கு மேலே வந்து விழுந்தால்தான் லாபம். கீழே போய் விழுந்தால், ஏற்கெனவே மிச்சமிருக்கும் இடத்தில் மேலும் கொட்டுகிறீர்கள், தனி மின் நிலையத்தைவிட ஒரு காசும் உயர்வில்லை. அந்தப் படத்தை வரையாமல் டர்பைன் ஆர்டர் போடுவது எனக்குச் சம்மதமில்லை.

#7 கொள்கை_மாணவி

"சிக்கனமே எதிரியாகிவிடும்" என்பதைப் படித்துவிட்டுச் சட்ட வரலாற்றைத் திருப்பிப் பார்த்தேன். ஐயா திறந்த வென்டின் நிழல் அங்கேயும் விழுகிறது.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் 1978இல் பர்ப்பா என்று சுருக்கமாகச் சொல்லும் சட்டம் வந்தது. அதற்கு முன்னால் ஆலை ஒன்று உபரி மின்சாரத்தை விற்க விரும்பினால் அந்தப் பகுதி மின் நிறுவனம் "வேண்டாம்" என்று சொல்லிவிடலாம், ஆலைக்கு வேறு வழியில்லை. தகுதியுள்ள இணைமின் நிலையங்களிடமிருந்து வாங்கியே தீர வேண்டும், தானே உற்பத்தி செய்திருந்தால் ஆகியிருக்கும் செலவை விலையாகத் தர வேண்டும், ஆலையின் இயந்திரம் நிற்கும்போது பாரபட்சமில்லாத கட்டணத்தில் மின்சாரம் கொடுக்கவும் வேண்டும் என்று சட்டம் சொன்னது. 1980களில் இணைமின் உற்பத்தி அங்கே வேகமாக வளர்ந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஆனால் தகுதிக்கு வைத்த அளவுகோல் தளர்வாக இருந்தது. மொத்தப் பயன்பாட்டு ஆற்றலில் 5 சதவீதம் பயனுள்ள வெப்பமாக இருந்தால் போதும். அதனால் மின்சாரம் விற்பதற்காகவே பெரிய நிலையம் கட்டி, வெப்பம் வாங்குபவர் என்று பெயருக்கு ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்தவர்களும் வந்தார்கள். அப்படிப்பட்டவற்றுக்கு "பர்ப்பா எந்திரங்கள்" என்றே பெயர் விழுந்தது. 2005இல் சட்டத்தைத் திருத்தி, வெப்பம் உண்மையிலேயே ஆக்கபூர்வமாகப் பயன்பட வேண்டும் என்று புதிய நிலையங்களுக்கு நிபந்தனை வைத்தார்கள். போட்டிச் சந்தை உள்ள இடங்களில் வாங்கியே தீர வேண்டிய கடமையிலிருந்து மின் நிறுவனங்கள் விடுபடவும் வழி செய்தார்கள்.

டென்மார்க் வேறு வாசல் வழியாக நுழைந்தது. 1973இல் அந்த நாட்டின் எரிசக்தியில் பத்தில் ஒன்பது பங்கு இறக்குமதி எண்ணெய். 1979இல் வெப்ப வழங்கல் சட்டம் கொண்டுவந்தார்கள். எந்தப் பகுதிக்கு வெப்பம் எங்கிருந்து வர வேண்டும் என்று உள்ளாட்சிகள் திட்டமிட வேண்டும் என்பதே அதன் மையம். இன்று அங்கே மூன்றில் இரண்டு வீடுகளுக்கு மாவட்டக் குழாய் வழியாக வெப்பம் வருகிறது. அமெரிக்கச் சட்டம் மின்சாரத்தை யார் வாங்குவது என்று கேட்டது. டென்மார்க் சட்டம் வெப்பம் எங்கே தேவை என்று கேட்டது. இரண்டாவது கேள்வியே சரியானது என்பது என் கட்சி.

#8 பழைய_பாய்லர்காரர்

மகளே, கடைசி இரண்டு வரியை எங்கள் பழைய பாய்லர் ஹவுஸ் கதவில் எழுதி ஒட்ட வேண்டும்.

#9 கிரிட்_பக்கம்

மின் நிறுவனங்களை வில்லனாகவே காட்டுவது நியாயமில்லை. நான் மின்சாரத்தை எங்கே எவ்வளவு அனுப்புவது என்று பார்க்கும் லோடு டிஸ்பாட்சில் உட்கார்ந்திருப்பவன், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

ஐயா சொன்னபடி பேக் பிரஷர் டர்பைன் நீராவியைப் பின்தொடரும். ஆலையில் ஒரு பிரிவு நின்றால் நீராவி குறையும், மின்சாரம் குறையும், அந்த நிமிடமே எங்களிடமிருந்து இழுப்பார்கள். டர்பைன் டிரிப் ஆனால் மொத்த ஆலையும் எங்கள் தலையில். அந்தத் திறனை நாங்கள் தயாராக வைத்திருக்க வேண்டும், அதற்குக் கட்டணம் கேட்டால் கொள்ளை என்கிறார்கள்.

பாதுகாப்பும் இருக்கிறது. லைன் போய்விட்டது என்று நினைத்து எங்கள் ஆள் கம்பத்தில் ஏறியிருப்பார். ஆலையின் ஜெனரேட்டர் அந்தத் துண்டுக்குத் தொடர்ந்து மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தால்? அதனால்தான் ஃப்ரீக்வென்சி, வோல்டேஜ் ரிலே, ரிவர்ஸ் பவர் ரிலே என்று பட்டியல் கேட்கிறோம். 100 கிலோவாட் இயந்திரத்துக்கும் 20 மெகாவாட்டுக்கும் ஒரே படிவம், ஒரே ஆய்வு என்று இழுத்தடிப்பது தவறு, அதை ஒத்துக்கொள்கிறேன். சின்ன இயந்திரத்துக்குச் சின்ன நடைமுறை இருக்க வேண்டும். ரிலே மட்டும் குறையக் கூடாது.

மெகாவாட்டை நிலையாகக் கொடுக்க வேண்டும் என்றால் எக்ஸ்ட்ராக்ஷன் கண்டென்சிங் டர்பைன் போடலாம். ஆலைக்கு வேண்டியதை இடையில் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கண்டென்சருக்கு அனுப்பும். எங்களுக்கு வசதி. ஆனால் கண்டென்சருக்குப் போகும் பங்கு சாதாரண மின் நிலையம்தான், அதுவும் சின்ன அளவில் திறன் குறைந்த மின் நிலையம். அந்தப் பங்கையும் இணைமின் என்று எண்ணிச் சலுகை கேட்பது சரியில்லை.

#10 ஆற்றல்_தணிக்கையாளர்

கடைசி வரி முக்கியம். அதை எப்படி அளப்பது என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் ஒரு வழி சொன்னது, 2012 உத்தரவிலும் அது தொடர்ந்தது. முதன்மை ஆற்றல் மிச்சம் என்ற அளவு. யோசனை எளிது: இந்த வெப்பத்தையும் இந்த மின்சாரத்தையும் தனித்தனியாகச் செய்திருந்தால் எவ்வளவு எரிபொருள் ஆகியிருக்கும்? சேர்த்துச் செய்ததில் எவ்வளவு குறைந்தது? பெரிய நிலையத்துக்குக் குறைந்தது 10 சதவீதம் மிச்சம் இருந்தால்தான் உயர்திறன் என்ற பெயர். 1 மெகாவாட்டுக்கு உட்பட்ட சின்னதற்கு ஏதாவது மிச்சம் இருந்தாலே போதும்.

இப்போது ஐயாவின் பழைய டர்பைனைப் போட்டுப் பார்க்கலாம். எரிபொருள் 100இல் 70 வெப்பம், 13 மின்சாரம் என்று வையுங்கள். தனி பாய்லர் 85, தனி மின் நிலையம் 35 என்று ஒப்பிட்டால், தனித்தனியாகச் செய்ய 119.5 ஆகியிருக்கும். மிச்சம் 16 சதவீதம். அதையே நவீன எரிவாயு நிலையம் 52.5, பாய்லர் 90 என்று ஒப்பிட்டால் 102.5 தான். மிச்சம் வெறும் இரண்டரை சதவீதம். இயந்திரம் அதே, நீராவி அதே. எதோடு ஒப்பிடுகிறோம் என்பது மாறியதும் தேர்ச்சி தோல்வியாகிவிட்டது. இந்தச் சட்டங்களைச் சுற்றி நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை ஒப்பீட்டு எண்ணைப் பற்றியவை என்பது என் அனுபவம்.

வென்டில் போன நீராவியை 70இலிருந்து கழித்தால் கதை இன்னும் மோசம். 70 என்பது 45 ஆகிவிட்டால், முதல் ஒப்பீட்டில்கூட தனித்தனியாகச் செய்ய 90 போதும். அதாவது நூறு எரித்து நஷ்டம். மின்சாரம் எவ்வளவு போட்டாலும் பயனாகாத வெப்பம் மொத்தத்தையும் விழுங்கிவிடுகிறது.

#11 காற்றும்_கதிரும்

நான் கேட்பது யாருக்காவது கசக்கலாம், உண்மையான அக்கறையோடுதான் கேட்கிறேன். சூரிய ஒளியும் காற்றும் கிரிட்டில் கூடிக்கொண்டே போகின்றன. அப்போது எரிவாயு எரிக்கும் இணைமின் நிலையங்களுக்கு இன்னும் சலுகை எதற்கு?

கணக்கு சொல்கிறேன். எரிவாயு ஒரு யூனிட் வெப்பத்துக்கு 0.202 கிலோ கார்பன் டை ஆக்சைடு விடுகிறது. இணைமின் எஞ்சின் ஒன்று 35 மின்சாரம், 45 வெப்பம் கொடுக்கிறது. வெப்பத்துக்கு உரிய பங்கை 90 சதவீத பாய்லரோடு ஒப்பிட்டுக் கழித்தால் மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 290 கிராம் வரும். நிலக்கரி கிரிட்டோடு ஒப்பிட்டால் அருமை. கிரிட்டின் சராசரி 290க்குக் கீழே இறங்கிவிட்டால் அதே எஞ்சின் கார்பனைக் கூட்டுகிறது. எஞ்சின் ஆயுள் இருபது வருடம். இன்று போட்டால் பாதி ஆயுள் தப்பான பக்கத்தில் ஓடும். 80, 90 டிகிரிக்குள் வேலை முடியும் ஆலைகள் ஹீட் பம்புக்கு மாறட்டும்.

#12 ப்ராசஸ்_பக்கம்

@காற்றும்_கதிரும், எரிவாயு எஞ்சின் விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். சுடுநீருக்காக எரிவாயு எரிப்பதை நானும் இனி பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். கரும்புச் சக்கை, காகித ஆலையின் கருங்கழிவு நீர்மம் இவை ஆலையிலேயே விழுபவை. எப்படியும் எரிக்கப்போகிறார்கள். குறைந்த அழுத்தத்தில் எரித்து முடிப்பதா, உயர் அழுத்தத்தில் எரித்து மின்சாரமும் எடுப்பதா என்பது மட்டுமே கேள்வி. சிமென்ட் ஆலையின் பிரீஹீட்டரிலிருந்து 300 டிகிரிக்கு மேல் வெளியேறும் வாயுவுக்கும், கந்தகத்தை எரித்துக் கந்தக அமிலம் செய்யும்போது வரும் வெப்பத்துக்கும் கூடுதல் எரிபொருள் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். இங்கே முதலில் வேலை, பிறகு மின்சாரம். கிரிட் எவ்வளவு சுத்தமானாலும் இவற்றுக்கு மதிப்புக் குறையாது.

#13 காற்றும்_கதிரும்

ஏற்றுக்கொள்கிறேன். கழிவு வெப்பத்தையும் ஆலையிலேயே விழும் எரிபொருளையும் தனியாகப் பிரித்திருக்க வேண்டும். சட்டமும் அப்படித்தான் பிரிக்க வேண்டும்: எரிபொருள் எது, வெப்பம் எத்தனை டிகிரி என்று. "இணைமின்" என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு வித்தியாசத்தையும் அடைத்து ஒரே சலுகை கொடுப்பதுதான் என் கோபம்.

#14 கொள்கை_மாணவி

முதல் பதிவில் கேட்ட "ஏன் கட்டாயமாகவில்லை" என்பதற்கு இன்னும் யாரும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. முயற்சி செய்கிறேன்.

எரிசக்திச் சிக்கனச் சட்டங்கள் பெரும்பாலும் இயந்திரத்தைக் கட்டாயமாக்குவதில்லை, அளப்பதையும் பொறுப்பையும் கட்டாயமாக்குகின்றன. ஜப்பான் 1979 சட்டத்தில் பெரிய ஆலைகளுக்கு எரிசக்தி மேலாளர் வேண்டும் என்றது. இந்தியாவில் 2001 எரிசக்திச் சேமிப்புச் சட்டம், குறித்த அளவுக்கு மேல் செலவழிக்கும் ஆலைகளுக்கு மேலாளர், தணிக்கை, செலவு அளவுகோல் என்று வைத்தது. 2012இல் தொடங்கிய பாட் (Perform, Achieve and Trade) திட்டத்தின் முதல் சுற்றில் 8 துறைகளின் 478 ஆலைகளுக்கு, ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு ஆற்றல் என்று இலக்கு கொடுத்தார்கள். மிஞ்சிச் சாதித்தவர் சான்றிதழை விற்கலாம், எட்டாதவர் வாங்க வேண்டும்.

இந்த அணுகுமுறை எனக்குப் பிடிக்கும். எதைச் செய்வது என்று ஆலையே முடிவு செய்கிறது, டிராப் மாற்றுவதா டர்பைன் போடுவதா என்று. ஆனால் ஓர் இடத்தில் கவனம் வேண்டும். எந்த நாட்டு விதியானாலும், வெளியிலிருந்து வாங்கும் ஒரு யூனிட்டை எத்தனை கலோரியாக எண்ணுகிறது என்று பாருங்கள். யூனிட்டின் நேர் வெப்ப மதிப்பு 860 கிலோ கலோரி. தணிக்கையாளர் ஐயா சொன்ன 4,800 கிலோஜூல் என்பது சுமார் 1,150 கிலோ கலோரி. வாங்கிய மின்சாரத்தை 860 என்றே எண்ணினால், டர்பைன் போட்ட ஆலை ஏட்டில் கூடுதலாகச் செலவழிப்பதாகத் தெரியும். தொலைவில் மின் நிலையம் எரித்த சுமார் 2,460 கிலோ கலோரி யார் கணக்கிலும் வராது. திருத்தக் காரணி வைத்து இதைச் சரிசெய்யலாம், வைக்கவும் வேண்டும். ஆலை வேலிக்குள் மட்டும் பார்க்கும் கணக்கு இணைமின் உற்பத்தியைத் தண்டித்துவிடும்.

#15 ஆற்றல்_தணிக்கையாளர்

நான் சொல்ல நினைத்து விட்டுப்போனது இதுதான். வேலிக்குள் பார்த்தால் நஷ்டம், நாட்டுக்குப் பார்த்தால் லாபம். நன்றி.

#16 ஷிஃப்ட்_பொறியாளர்

ஒரு மாதம் என்று சொன்னேன், ஏழு வாரம் ஆகிவிட்டது. மன்னிக்கவும்.

முதலில் லாக் புக். மணிக்கு 8 டன் என்று நான் எழுதியது மாதம் முழுக்க மொத்தம் பதினோரு மணி நேரம்தான் இருந்திருக்கிறது, அதுவும் ஸ்டார்ட்-அப் நாட்களில். மற்ற நேரமெல்லாம் 7ஐச் சுற்றி. இரவில் 5.

பிறகு டிராப். ப்ராசஸ்_பக்கம் சொன்னபடி ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் வரிசையாகப் போனேன். 112 டிராப்பில் 31 ஊளையிட்டன. முதல் நாள் என்னை வேடிக்கை பார்த்த ஃபிட்டர் அண்ணன் மூன்றாம் நாள் தானே சுண்ணக்கட்டியோடு வந்து, கெட்டவற்றில் பெருக்கல் குறி போட ஆரம்பித்தார். இப்போது அவர் காது என் காதைவிடத் தேர்ந்துவிட்டது. 24 மாற்றியாகிவிட்டது, மிச்சத்துக்கு உதிரி வர வேண்டும். இன்சுலேஷன் பிய்ந்த இரண்டு ஃபிளாஞ்சுக்கு உறை போட்டோம். பகலில் இப்போது 6 டன், இரவில் 4க்குக் கீழே போவதே அபூர்வம்.

என் 180 கிலோவாட் கனவு பாதியாகிவிட்டது. 4 டன் என்பது வருடம் முழுக்க நம்பக்கூடிய ஓட்டம், அதற்கு அளவெடுத்தால் 90 கிலோவாட் கிடைக்கும். எப்போதும் முழுச் சுமையில் ஓடும். அதற்கு மேல் வரும் தேவையைப் பழைய பி.ஆர்.வி. இணையாக நின்று பார்த்துக்கொள்ளும். வென்ட் திறக்க வேண்டிய நேரமே வராது. பெரிய இயந்திரத்தைக் கேட்டிருந்தால், நேற்று நாங்கள் மாற்றிய டிராப்புகளை நாளை யாராவது திட்டியிருப்பார்கள்.

திட்டக் குறிப்பை எழுதி மேலாளரிடம் கொடுத்திருக்கிறேன். ஐயா சொன்னதால் லோ பிரஷர் ஹெடர் வென்ட் லைனில் ஒரு ஃப்ளோ மீட்டரும் பட்டியலில் சேர்த்தேன். அது எதற்கு என்று மேலாளர் கேட்டார், சொன்னேன். டர்பைன் பற்றி முடிவு இன்னும் வரவில்லை. அந்த மீட்டருக்கு மட்டும் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

#17 பழைய_பாய்லர்காரர்

மீட்டர் வந்ததும் முதல் நாள் அளவீட்டை எழுது தம்பி. பூஜ்யமாக இருந்தாலும் எழுது.